ஆர்டெல் அண்ணியின் வருஷக் கடிதம்

எங்கள் ஊரில் யாரும் எதையும் அருவருப்பு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். லூட்டஃபிஸ்க் என்று ஒரு பதார்த்தம் இருக்கிறது. காய்ந்த மீனைச் சோப்பு காய்ச்சுகிற காரத்தில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அலசி, வேகவைத்து, கொழகொழவென்று தட்டில் தள்ளுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் மினசோட்டாவில் நார்வேக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் அந்த நாற்றம்தான். வெளியூர் மருமகன் முதல் தடவை வாயில் வைத்துவிட்டு விழிப்பான். எப்படி இருக்கிறது என்று மாமியார் கேட்டால், "வித்தியாசமா இருக்கு" என்பான். உடனே எல்லாருக்கும் அவனைப் பிடித்துவிடும். வித்தியாசம் என்றால் எங்கள் ஊரில் குமட்டுகிறது என்று பொருள், அதை மரியாதையாகச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

எனக்கு அந்த மரியாதை வரவில்லை. நான் ஏவிஸ் பிரெக்கி. இந்த நார்ட்பியிலேயே பிறந்து, இங்கேயே வெண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குமட்டினால் குமட்டுகிறது என்பேன். அந்த மீனையாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிடலாம். என் அண்ணன் பெண்டாட்டி ஆர்டெல் வருஷாவருஷம் எழுதுகிற கிறிஸ்துமஸ் கடிதம் என் தொண்டையில் இறங்காது.

கடிதம் என்றால் ஒருவருக்கு ஒருவர் எழுதுகிற கடிதம் இல்லை. அந்த வருஷம் வீட்டில் நடந்த நல்லதையெல்லாம் ஒரே தாளில் அச்சடித்து, சர்ச்சில் இருப்பவர்கள், ஒன்றுவிட்ட சொந்தம், பள்ளிக்கூடத் தோழிகள், எப்போதோ பக்கத்து வீட்டில் இருந்துவிட்டுப் போனவர்கள் என்று எல்லாருக்கும் வாழ்த்து அட்டையோடு அனுப்புவது. பாதி அமெரிக்கா இதைச் செய்கிறது. என் அண்ணி இதில் படுகெட்டிக்காரி. ஓரத்தில் பச்சை இலையும் சிவப்புப் பழமும் போட்ட தாள். தன்னைப் பற்றியே வேறு யாரோ எழுதுவதுபோல எழுதுவாள். "ஆர்டெலின் ரோஜாக்கள் இந்த ஆண்டும் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றன. வெண்டல் சொந்தமாகப் பல் மருத்துவமனை திறந்துவிட்டான். ஜோலீனின் பாட்டைக் கேட்டு ஆயர் கண்கலங்கினார்." என் அண்ணன் நார்வல் காலை ஒடித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த வருஷம், "நார்வலுக்கு இந்த ஆண்டு வாசிப்பதற்கு நிறைய நேரம் கிடைத்தது" என்று எழுதினாள். அவன் பைபிளைத் தவிர வேறு புத்தகம் தொட்டவனில்லை. கொட்டகை எரிந்துபோன வருஷம், புதுக் கொட்டகை கட்டும் வாய்ப்பு அமைந்ததாம்.

நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் எல்லா வருஷமும் கடைசி வரி ஒன்றுதான்: "எங்கள் இரண்டு குழந்தைகளுக்காகவும் ஆண்டவருக்கு நன்றி." அந்த வரிக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிடும். அவளுக்குக் குழந்தைகள் மூன்று.

மூத்தவள் ரோவீனா. பிறந்தபோதே கண் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. டவுன் சிண்ட்ரோம் என்று இப்போது பெயர் சொல்கிறார்கள். அன்றைக்கு டாக்டர் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன். "இதை வீட்ல வெச்சுக்காதீங்க. அரசாங்க விடுதிக்கு அனுப்பிட்டு அடுத்த குழந்தைக்குப் பாருங்க" என்றார், கன்றுக்குட்டி சரியில்லை என்று சொல்கிற மாட்டு வைத்தியர் மாதிரி. அண்ணி அழுதாள். அது உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன். நாலு வயது வரைக்கும் வைத்துக்கொண்டாள். தலை சீவி ரிப்பன் கட்டிவிடுவாள். ஜன்னல் பக்கம் மட்டும் விட மாட்டாள். வெண்டல் பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் காரில் ஏற்றிக்கொண்டுபோய், தூரத்து ஊரில் இருந்த விடுதியில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

அந்த டிசம்பரில்தான் முதல் கடிதம் வந்தது. அதுவரை அண்ணி எல்லாருக்கும் தனித்தனியாகக் கையால்தான் எழுதுவாள். கையால் எழுதினால், ரோவீனா எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களுக்குப் பதில் எழுத வேண்டும். சர்ச் அலுவலகத்து சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி எடுத்த தாள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஊர் புரிந்துகொண்டது. எங்கள் ஊருக்குச் சொல்லவா வேண்டும்! அதற்கப்புறம் ஒருவரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. வெண்டலும், பின்னால் பிறந்த ஜோலீனும் வளர்ந்து ஆளான பிறகுதான் தங்களுக்கு ஒரு அக்கா இருப்பதையே தெரிந்துகொண்டார்கள். தெரிந்ததும் அம்மாவைப் போலவே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதற்குப் பெயர் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையாம். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவளைப் பார்க்கப் போவேன். சில தடவை அண்ணன் காரில் கொண்டுபோய் விடுவான். டிராக்டர் சாமான் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவான். வந்தவன் உள்ளே வர மாட்டான். காரிலேயே உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ப் பாத்துட்டு வா ஏவிஸ், எனக்கு அந்த வாடை ஒத்துக்கல" என்பான். மாட்டுத் தொழுவத்தில் புரண்டு வளர்ந்தவனுக்கு வாடை ஒத்துக்கொள்ளவில்லை! உள்ளே மூத்திர வாடைதான், அதன்மேல் ஊற்றின மருந்துத் தண்ணீர் வாடைதான், இல்லையென்று சொல்லவில்லை. அதில்தான் அவன் பெண் இருந்தாள்.

ரோவீனாவுக்குத் தன் பெயரைப் படிக்கத் தெரியும். மற்றபடி எழுத்துகள் அவளுக்குப் பாதி பிடிபடும், பாதி நழுவிவிடும். ஒரு ஜனவரியில் என் கைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த கடிதத்தை அவளே உருவிவிட்டாள்.

"இது யாரு போட்டது அத்தை?"

"உங்கம்மா."

"எனக்கா?"

"எல்லாருக்கும்."

"என் பேரு இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் வரி வரியாக விரலை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். ஓரிடத்தில் விரல் நின்றது. முகமெல்லாம் பல்.

"இதோ! ரோ! நான்தானே?"

"அது ரோஜாடி. உங்கம்மா தோட்டத்துல வளக்கறாங்களே, அந்த ரோஜா."

"அப்ப நான் எங்க?"

"இந்த வருஷம் இல்ல."

"சரி. அடுத்த வருஷம்" என்று தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். அவள் அழவில்லை. நான்தான் ஊர் வந்து சேரும்வரை வயிறெரிந்துகொண்டு வந்தேன். பூச்செடிக்கு இரண்டு வரி இருக்கிறது, பெற்ற பெண்ணுக்கு ஒரு வார்த்தைக்கு இடமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் இதேதான். அவள் பொம்மை கேட்கவில்லை, மிட்டாய் கேட்கவில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போ என்றுகூடக் கேட்கவில்லை. அந்தத் தாளில் தன் பெயர் வர வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நானும் ஒவ்வொரு நவம்பரும் அண்ணியைக் கேட்பேன், ஒரு வரி போடுங்கள், பெயரை மட்டுமாவது போடுங்கள் என்று. "ஒரு பக்கம்தானே ஏவிஸ், இடமே பத்தல" என்பாள்.

எண்பதுகளில் அந்தப் பெரிய விடுதிகளையெல்லாம் அரசாங்கம் காலி செய்ய ஆரம்பித்தது. அவரவர் ஊர்ப்பக்கத்திலேயே சின்ன வீடுகள் எடுத்து, ஐந்தாறு பேராக வைத்துக் கவனிப்பது என்று ஏற்பாடு. நார்ட்பியிலும் பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோம் வந்தது. முப்பது வயது தாண்டிய ரோவீனா அதில் வந்து இறங்கினாள். அம்மா வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்னோடு கடைசி பெஞ்சில் உட்காருவாள். அண்ணி முன்னால் இரண்டாவது வரிசையில். வெளியே போகும்போது எல்லாருக்கும் சொல்வதுபோல, "ஹலோ ரோவீனா, நல்லா இருக்கியா?" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போவாள். ரோவீனா என் காதில், "அம்மா கோட்டு புதுசு, பாத்தீங்களா?" என்பாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆராதனை முடிந்து குடிக்கிற காபிக் கோப்பையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் புதுப் பாஸ்டர் வந்தார். எக்லண்ட் என்று பெயர். சின்ன வயசு, கிதார் வேறு வாசிப்பார். பண்டிகையன்று யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது, ஒவ்வொரு வீட்டிலும் சொந்தம் இல்லாத ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார். மாதர் சங்கத் தலைவி என்ற முறையில் அண்ணிதான் முதலில் கையைத் தூக்கினாள். யாருக்கு யார் விருந்தாளி என்று பாஸ்டரே சோடி சேர்த்தார். ரோவீனாவின் குடும்பப் பெயரைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எங்கள் சர்ச்சில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பிரெக்கி தலையில்தான் விழும். பேய்க்கும் பிசாசுக்கும்கூட இந்த ஊரில் பிரெக்கி என்றுதான் பெயர் இருக்கும்.

ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் அவர் வாசித்தார். "நம்ம ஹோம்லேருந்து ரோவீனா… நார்வல், ஆர்டெல் பிரெக்கி வீட்டுக்கு!" என்று சொல்லிச் சிரித்தபடி நிமிர்ந்தார்.

சர்ச்சில் இருமல்கூட நின்றுவிட்டது. அத்தனை பேருக்கும் தெரியும். அவரிடம், பாஸ்டர், அது அவங்க பெத்த பொண்ணு என்று ஒருவர் சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் சொன்னால் பாஸ்டருக்குச் சங்கடம், அண்ணிக்குச் சங்கடம், சொன்னவருக்குப் பண்பில்லை என்று பெயர். எங்கள் ஆட்கள் வீடு தீப்பிடித்தாலும் அடுத்தவர் தூக்கம் கெடுமே என்று மெதுவாகத்தான் கதவைத் தட்டுவார்கள். நான் எழுந்துவிட்டேன். வாயைத் திறக்கிற நேரத்தில் ரோவீனா என் கையை இறுகப் பிடித்தாள். "அத்தை! அம்மா வீட்டுக்கு!" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

முன்வரிசையில் அண்ணி மெதுவாகத் திரும்பி, பாஸ்டரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். "ரொம்ப சந்தோஷம் பாஸ்டர். வரட்டும்."

சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி குடிக்கும்போது பக்கத்துப் பண்ணை ஹால்மர் என்னிடம் வந்து, "இந்த வருஷம் உங்க அண்ணி வீட்ல விருந்து… வித்தியாசமா இருக்கும் போல" என்று சொல்லிவிட்டு நழுவினார். ஊரின் மொத்தக் கண்டனமும் அவ்வளவுதான்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், எனக்கு ஒரு நப்பாசை வந்தது. தப்பாகவே ஆகட்டும், கதவு திறந்துவிட்டது. ஒரு தடவை அவளை வீட்டுக்குள் விட்டு, மேசையில் உட்காரவைத்துப் பார்த்தால் அந்தப் பொம்பளைக்கு மனசு இளகாதா என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துத் தபாலில் கடிதம் வந்தது.

வெண்டலின் மருத்துவமனைக்கு இரண்டாவது நாற்காலி வந்துவிட்டதாம். ரோஜாவுக்கு இந்த ஆண்டு இரண்டாம் பரிசு, நடுவர் வெளியூர்க்காரராம். அதற்கடுத்த பத்தி இது: "இந்த ஆண்டு எங்கள் கிறிஸ்துமஸ் மேசையில் ஒரு சிறப்பு விருந்தாளி, ஊரில் உள்ள இல்லத்தைச் சேர்ந்த ரோவீனா. சொந்தமென்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாதவர்களுக்கு நம் கதவைத் திறப்பதல்லவா பண்டிகை!" அதற்குக் கீழே, வழக்கம்போல, இரண்டு குழந்தைகளுக்காகவும் நன்றி.

இரண்டு தடவை படித்தேன். எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன்.

அண்ணி சமையலறையில் லெஃப்சே போட்டுக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு பிசைந்த மாவில் தேய்க்கிற மெல்லிசு ரொட்டி அது. அவள் போடுவது காகிதம் மாதிரி இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. நான் கடிதத்தை மாவுப் பலகையிலேயே போட்டேன்.

"என்ன அண்ணி இது?"

"கடிதம். ஏன், எழுத்துப் பிழை ஏதாவது இருக்கா?"

"சொந்தம் யாரும் இல்லாதவளா அவ?"

"மெதுவா பேசு. நார்வல் தூங்கறாரு."

"அவன் அந்தப் பொண்ணைக் கொண்டுபோய் விட்ட நாள்லேருந்து தூங்கறான். நீங்க சொல்லுங்க. அவளைப் பெத்தது யாரு? சர்ச் மாதர் சங்கமா?"

அண்ணி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "பேரு போடு, பேரு போடுன்னு நீதானே வருஷா வருஷம் என் பிராணனை வாங்கின? போட்டாச்சு. இப்ப அதுக்கும் குத்தமா?"

"விருந்தாளின்னா போடச் சொன்னேன்?"

"வேற எப்படிப் போடறது, நீயே சொல்லேன். இத்தனை வருஷம் கழிச்சு, 'எங்களுக்கு இன்னொரு பொண்ணும் இருக்கா, சொல்ல மறந்துட்டோம்'னு போடவா? ஓரிகன்ல இருக்கற எங்க சித்தி பொண்ணு என்ன நினைப்பா? வெண்டலோட மாமனார் வீட்ல என்ன நினைப்பாங்க?"

"நீங்க பொய் சொல்லிக்கிட்டு இருந்தீங்கன்னு நினைப்பாங்க. அது நெசந்தானே?"

"உனக்கென்ன ஏவிஸ், நீ தனிக்கட்டை. உன்னைப் பத்தி யாரு என்ன நினைக்கப்போறா?"

கல்லில் ரொட்டி கருகியது. அண்ணி அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"பாஸ்டர் பேரை வாசிச்சாரே, அப்ப எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அது என் பொண்ணுன்னு. யாராவது ஒருத்தர் முதல்ல சொல்லியிருந்தா நானும் ஆமான்னு சொல்லியிருப்பேன். ஊரே என் முதுகைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா?"

ஒரு நிமிஷம் அவள்மேல் எனக்கு இரக்கம் வந்தது. உட்காரலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அடுத்த மாவு உருண்டையை எடுத்துத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கு அவ என்னை அம்மான்னு கூப்பிடாம மட்டும் பாத்துக்கோ. வெண்டலோட பொண்ணு சின்னது, குழம்பிடும்."

வந்த இரக்கம் வந்த வழியே போயிற்று. "அதை நீங்களே அவ மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க" என்று கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். நார்வல் எழுந்திருப்பான். எழுந்தும் படுத்துத்தான் கிடந்திருப்பான்.

கடிதத்தை ரோவீனாவிடம் காட்ட வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு ஹோமுக்குப் போனால், எனக்கு முன்னாலேயே பாஸ்டர் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். நல்ல மனுஷன், சந்தோஷப்படட்டும் என்று கொடுத்திருக்கிறார். அவள் அதைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள்.

"அத்தை! ரோஜா இல்ல. நான்! நான்தான்!"

"ஆமாடி. நீதான்."

"முன்னாடி இருக்கே, இந்த வார்த்தை என்ன?"

எனக்குப் பொய் வராது. "விருந்தாளி."

"விருந்தாளின்னா?"

"வேற வீட்லேருந்து சாப்பிட வர்றவங்க."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவள் மாதிரி தலையை ஆட்டினாள். "சரி. விருந்தாளி எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். இங்க சொல்லிக்கொடுத்திருக்காங்க. ஏதாவது கொண்டு போகணும். கேட்டுட்டுத்தான் எடுத்துக்கணும். ரொம்ப நேரம் இருக்கக் கூடாது. நன்றி சொல்லணும்." மீதியைப் படிக்கச் சொன்னாள். அன்றைக்கு எனக்கும் ஒரு பொய் வந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று எழுந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நீல உடுப்பு, தலையில் கிளிப், மடியில் கைப்பை. வாசலில் அண்ணி கதவைத் திறந்ததும், ரோவீனா தானே நெய்த பாத்திரம் பிடிக்கிற துணியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உங்களுக்கு, மிசஸ் பிரெக்கி."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணியின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. பெற்ற பெண் தன்னை மிசஸ் பிரெக்கி என்று கூப்பிட்டதற்கு ஒரு தாய்க்கு வந்த நிம்மதி. அதைப் பார்த்தபோது என் வயிற்றைப் புரட்டிய மாதிரி எந்த மீனும் புரட்டியதில்லை.

உள்ளே நார்வல், வெண்டல், அவன் மனைவி, அவர்கள் பெண் ஆனிகா. ஜோலீன் கொலராடோவில் பாடப் போயிருந்தாள். மேசையில் உட்கார்ந்ததும் ஆனிகா கேட்டாள்.

"நீங்க யாரு?"

"நான் விருந்தாளி."

"பாட்டிக்கு ஃபிரெண்டா?"

"இல்ல. விருந்தாளி மட்டும்தான்."

வெண்டல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பல் டாக்டர், ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிறவன், தன் வாயைத் திறக்கவில்லை. நார்வல் மீன் தட்டை ரோவீனா பக்கம் நகர்த்தினான். அவள் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு, வெண்ணெய் ஊற்றி, வாயில் வைத்து, கண்ணை மூடி விழுங்கினாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் நார்வல். இத்தனை வருஷத்தில் அவன் அவளைக் கேட்ட முதல் கேள்வி.

"வித்தியாசமா இருக்கு."

ஆனிகா கைகொட்டிச் சிரித்தாள். நார்வலும் சிரித்துவிட்டான். "பின்னே, பிரெக்கி ரத்தம் இல்லையா" என்றேன் நான் சத்தமாக. சிரிப்பு நின்றது. அண்ணி உருளைக்கிழங்குத் தட்டை எல்லாருக்கும் நீட்ட ஆரம்பித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அந்த வருஷக் கடிதத்தை அண்ணி நின்றுகொண்டு வாசிப்பது வழக்கம், எல்லார் வீட்டுக்கும் ஏற்கெனவே வந்திருந்தாலும். அன்றைக்காவது விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. விட்டால் ஏன் என்று ஆனிகா கேட்டுவிடும் என்று பயந்தாளோ என்னவோ. விருந்தாளி பத்திக்கு வந்தபோது குரல் வேகமெடுத்தது. சொந்தமென்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாதவர்களுக்கு என்று அவள் படித்ததை ரோவீனா முதல் தடவையாக அங்கேதான் கேட்டாள். தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். இரண்டு குழந்தைகளுக்கு நன்றி சொன்னதையும் கேட்டாள்.

அப்புறம் நார்வே வழக்கப்படி கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாட வேண்டும். "குடும்பம் எல்லாம் எழுந்து வாங்க" என்றாள் அண்ணி. வருஷாவருஷம் சொல்கிற வார்த்தை, பழக்கத்தில் வந்துவிட்டது. எல்லாரும் எழுந்தார்கள். ரோவீனா எழவில்லை. நார்வல் அவளிடம் போய்க் கையை நீட்டினான். "வாம்மா."

"இல்லீங்க. குடும்பத்தைத்தான் கூப்பிட்டாங்க. நான் பாக்கறேன்."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. நார்வல் அண்ணியைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்த அறையில் எல்லாரும் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தோம். அண்ணி வந்து நார்வலின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு வட்டத்தை மூடினாள். பாட்டை ஆரம்பித்தாள். நான் போகவில்லை. ரோவீனாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நார்வல் ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தான். பார்ப்பதற்குமேல் அவனால் ஆகவில்லை.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் ரோவீனா எழுந்தாள். "ரொம்ப நேரம் ஆச்சு அத்தை. போலாம்." கோட்டைத் தானே மாட்டிக்கொண்டாள், பொத்தானைத் தானே போட்டாள். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், யாரும் உதவக் கூடாது. அண்ணி வாசலில் வந்து நின்றாள். பின்னால் மற்றவர்கள்.

"கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி, மிசஸ் பிரெக்கி."

"ரொம்ப சந்தோஷம். அடுத்த வருஷமும் அவசியம் வரணும்." வாசலில் நிற்கிற யாரிடமும் சொல்கிற வார்த்தைதான்.

ரோவீனா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது உதடு அசையும்.

"இல்லீங்க. அடுத்த வருஷம் டெல்பர்ட்டைக் கூப்பிடுங்க. எங்க ஹோம்ல இருக்காரு. அவருக்கு நிஜமாவே யாரும் இல்ல. நீங்க படிச்சீங்களே, யாரும் இல்லாதவங்களுக்குன்னு. எனக்கு அத்தை இருக்காங்க." அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குப் பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "கடிதத்துல தப்பா வந்துடுச்சு. பரவால்ல" என்றாள்.

"ரோ…" என்றாள் அண்ணி.

ரோவீனா நின்றாள். பெரியவர்கள் பேசும்போது விருந்தாளி குறுக்கே பேசக் கூடாது. கைப்பையைப் பிடித்துக்கொண்டு, அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டு, பொறுமையாக நின்றாள். நானும் நின்றேன். வெளியே பனிக்காற்று அடித்து நடைவழியெல்லாம் தூள் வந்து விழுந்தது. உள்ளே யாரோ தும்மினார்கள். அண்ணியின் வாய் திறந்தபடியே இருந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"கதவைச் சாத்திக்கோங்க மிசஸ் பிரெக்கி," என்றாள் ரோவீனா. "உங்க வீட்டுக்குள்ள குளிர் வருது."

அண்ணி சாத்திக்கொண்டாள்.